எதிர்ச்சாரியில் ஒருத்தி

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில், சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

அதே கை. அதே இடம்.

இது அவள் வீடு இல்லை. அவள் உலகமே இல்லை, அதைப்போலவே இன்னொன்று. இங்கே அவள் புருஷன் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னலில் அதே பச்சைத் திரை. வாசலில் நாற்காலி போட்டு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் பேப்பர் படிக்கிற அதே மனுஷன்.

மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம். பேசக்கூடாது. பேசினால் அதோடு சரி, மறுபடி இந்தப் பக்கம் வரவே முடியாது. அடுத்தவள் வாழ்க்கையில் கைவைக்க உனக்கு என்னம்மா உரிமை என்று கேட்டுத்தான் அந்த வழியைக் காக்கிறவர்கள் அனுப்பிவைத்தார்கள்.

நியாயமான கேள்வி.

இந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் மற்ற நாட்களில் அவள் குளித்தாள், உலை வைத்தாள், உயிரோடு இருந்தாள்.

"வாயுதான். ஒரு சோடா வாங்கிட்டு வா, சரியாப் போயிரும்" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரி வந்தாள். இவளேதான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். தலையில் நேற்றைய கனகாம்பரம். செருப்பை மாட்டிக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பினாள்.

அன்று இவளும் இப்படித்தான் போனாள். சோடாவோடு திரும்பியபோது பேப்பர் தரையில் கிடந்தது.

வெறும் வாயுவாகவும் இருக்கலாம். யாருக்குத்தான் வாயு பிடிக்கவில்லை? வாயைத் திறந்து, அவரையும் இழந்து, கடைசியில் அது ஒன்றுமில்லை என்றாகிவிட்டால்?

எழுந்து சாலையைக் கடந்தாள்.

குறுக்கே நின்று தலைப்பை விலக்கினாள்.

வீட்டுக்காரியின் கண்கள் இவள் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கின. பிறகு காலுக்கு. மெட்டி கிடந்த விரலில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"சோடா வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

அவள் திரும்பி ஓடினாள். ஒற்றைச் செருப்பு கழன்று தெருவிலேயே கிடந்தது.

ஆட்டோ வந்தது. ஏற மாட்டேன் என்று அவர் மல்லுக்கு நின்றார்.

"வாயுவுக்கு எதுக்குடி இந்த ஆர்ப்பாட்டம்!"

தெருவுக்கே கேட்டது. இவள் ஆசைதீரக் கேட்டாள். அந்த வாயால் திட்டு வாங்கி எத்தனை காலமாயிற்று.

ஆட்டோ முனை திரும்பியது.

வாயுதானா, இல்லையா? இனி இவளுக்குத் தெரியப்போவதில்லை.

செருப்பை எடுத்துப்போய் அந்த வாசலில் வைத்தாள். தன் கால் அளவுதான்.

பேப்பர் தரையில் கிடந்தது.

எடுத்து, தூசி தட்டினாள். அவர் படித்துக்கொண்டிருந்த பக்கம் மேலே வரும்படி மடித்து, நாற்காலியில் வைத்தாள்.

காற்றில் பறந்துவிடாமல் அவர் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை அதன்மேல் வைத்துவிட்டு, நடந்தாள்.