ஞாயிற்றுக்கிழமை பேண்ட்

பேண்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு, அயர்ன் பாக்ஸைத் தூக்கிய கிளட்ச் சார் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கத் தையலை ஒட்டி உள்ளே மடங்கியிருந்த உபரித் துணியில் ஊசித் துளைகள். மேலிருந்து கீழாக, வரிசை பிசகாமல். ஒரு வரிசை இல்லை, மூன்று.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க 'கிளட்ச், கிளட்ச்' என்று தொண்டை கிழியக் கத்தி வாங்கிய பெயர் அது. ஒரு காலத்தில், கியர் போடுகிறவர்களின் முழங்கை போய் அவர் தொப்பையில்தான் இடிக்கும்.

சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டார். முட்டையும் வெண்ணெயும் கீரையுமாகக் கீட்டோ டயட்டில் இறங்கி, இருபது கிலோவைக் கழற்றி எறிந்தார்.

குறைத்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதற்கு முன்பும் நான்கு தடவை குறைத்தவர்தான். நான்கு தடவையும் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்து சேர்ந்தது.

கொஞ்சம் ஏறிவிட்டது என்று தெரிந்தாலே போதும், மனுஷனுக்கு மனசு விட்டுப்போகும். 'போனது போச்சு' என்று பேக்கரிக்குள் காலை வைத்தாரானால், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.

இந்தத் தடவைதான் நிலைத்தது. முழுசாக ஐந்து வருஷம்.

எடை மெஷினை அவர் நம்புவதில்லை. தண்ணீர் குடித்தால் ஒன்று சொல்லும், குடிக்காவிட்டால் வேறொன்று. அவருக்கு அளவு என்றால் இந்தச் சாம்பல் நிறப் பேண்ட்தான். இருபது கிலோ குறைந்த வாரம் மனைவி தைத்துக் கொடுத்தது. அவள் தையல்காரி; முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள்.

மற்ற நாளெல்லாம் எலாஸ்டிக் வைத்த பேண்ட். ஞாயிறு காலையில் மட்டும் இது. பட்டன் மாட்டினால் பாஸ். இதுவரை ஒரு ஞாயிறுகூட ஃபெயில் ஆனதில்லை.

அந்தப் பெருமை, அவருக்குக் கீட்டோ சொல்லிக்கொடுத்த டாக்டர் காது வரைக்கும் போயிருந்தது. புதிதாகக் கீட்டோ தொடங்கியவர்களிடம், குறைத்ததை எப்படிக் காப்பாற்றுவது என்று இன்றைக்கு வந்து பேசும்படி கூப்பிட்டிருந்தார். மனைவி அவசர வேலையில் இருக்கிறாளே, நாமே தேய்த்துக்கொள்வோம் என்று பேண்ட்டை எடுத்தார் கிளட்ச் சார். வழக்கமாக அவள் அவரை அயர்ன் பாக்ஸ் பக்கமே விடமாட்டாள்.

ஏன் விடமாட்டாள் என்று இப்போது புரிந்தது.

தையல்காரியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு ஊசித் துளையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தையலைப் பிரித்தால் துளை நிற்கும். துளை துணியின் ஓரத்துப் பக்கம் நகர்ந்திருந்தால், இடுப்பை லூஸ் விட்டுத் தைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் அவர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறார். அவள் லூஸ் விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். இது தெரியாமல் ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கூடவே, கூப்பிடாமலேயே, தெருமுனை பேக்கரி ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடிக்குள் அடுக்கி வைத்த கிரீம் பன். ஐந்து வருஷமாக எதிர்ப்பக்கமாக நடந்து தாண்டிய கடை.

போனது போச்சு. இனிமேல் யாருக்காக வாயைக் கட்டுவது?

அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். பேண்ட்டை மெஷின் மேல் போட்டார். டாக்டரிடம் போகவில்லை, பேக்கரிக்குப் போகிறேன் என்றார். ஏமாற்றிவிட்டாயே என்று கேட்கத்தான் வந்தார், கேட்காமல் குனிந்து செருப்பைத் தேடினார்.

அவள் அசரவில்லை. சக்கரத்தைக் கையால் பிடித்து மெஷினை நிறுத்தினாள். ஆமாம், லூஸ் விட்டேன் என்று ஒப்புக்கொண்டாள், ஏதோ சாப்பாட்டில் கூட ஒரு கல் உப்பு போட்டதைச் சொல்வது போல. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கை கோத்துக்கொள்கிறவளுக்கு இஞ்ச் டேப் எதற்கு? விரல்கள் கோக்கச் சிரமப்பட்டால், அந்தச் சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன கையோடு பேண்ட்டை எடுத்துவிடுவாளாம்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை பட்டன் மாட்டலைன்னா, அன்னிக்கே நீங்க பேக்கரியில நிப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?"

கிளட்ச் சாரின் ஒரு கால் செருப்பில் இருந்தது, இன்னொன்று தரையில்.

அவள் பேண்ட்டை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஓட்டையத்தான் எண்ணிட்டு வந்தீங்க. நூல் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

மூன்று வரிசைத் துளைகளும் வெறுமனே, துணியின் ஓரத்துப் பக்கமாகக் கிடந்தன. நூல் அவை எதிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் உள்ளே தள்ளி ஓடியது. அதற்கும் உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். ஒரு துளைகூட இல்லை.

அது அவள் முதன்முதலில் தைத்த இடம்.

மூன்று தடவை ஏறியிருக்கிறார். மூன்று தடவையும், ஏறியது தெரியாமலேயே, இறங்கியும் வந்திருக்கிறார். இறங்கிய ஒவ்வொரு தடவையும் அவள் சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே பிடித்துத் தைத்து வைத்திருக்கிறாள்.

அவர் செருப்பைக் கழற்றினார்.