மரியாதை வீச்சு

மூன்று தளங்களும் காலியாக இருந்தன.

பேஸ்பால் மைதானத்தின் நடுவே, பந்தெறியும் மேட்டில் ஏறி நின்றவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதிரணி ஓட்டக்காரர் ஒருவரும் இல்லை. நிற்கத் தெரியாதவனைப்போல் இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாறினான். மறுபடியும் மாறினான்.

பதினான்கு பருவங்களாக அவன் மாற்று எறிவாளன். ஆட்டத்தைத் தொடங்கியவர் தளர்ந்த பிறகு, எதிரணியினர் தளங்களில் ஓடக் காத்திருக்கும் வேளையில்தான் அவனை அழைப்பார்கள். அடுத்தவர் மூட்டிய தீயில் இறங்கி அணைப்பது அவன் தொழில். அணைந்தால் வெற்றி, ஆட்டத்தைத் தொடங்கியவருடையது. அணையாவிட்டால் மறுநாள் நாளிதழில் அவனுடைய படம்.

பார்வையாளர் மாடத்துக்குக் கீழே, சன்னலில்லாத அறையில், தோளைச் சூடாக்கிக்கொண்டு தொலைபேசி மணிக்குக் காத்திருப்பான். மணி அடிக்காது. தோள் ஆறும். மறுபடியும் சூடாக்குவான். அந்தப் பந்துகளை யாரும் எண்ணியதில்லை.

முழங்கை எண்ணியிருந்தது.

இன்று தீ இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக, ஆட்டத்தின் முதல் பந்து அவனுடையது.

இலையுதிர்காலப் பிற்பகல். பருவத்தின் கடைசி ஆட்டம்; இரண்டு அணிகளுக்கும் இதில் பெறவோ இழக்கவோ எதுவும் இல்லை. அவன் ஒரே ஒரு மட்டையாளனுக்கு எறிவான். மட்டையாளன் மூன்று முறை மட்டையைச் சுழற்றி, மூன்று முறையும் வேண்டுமென்றே தவறவிட்டு, ஆட்டமிழந்து போவான். அதன்பின் பூங்கொத்து, உரை, கண்ணீர். ஓய்வு பெறும் எறிவாளனுக்கு எதிரணி செய்யும் மரியாதை அது. எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. மீறப்பட்டு அவன் பார்த்ததும் இல்லை.

மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நோசே, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தான்.

“நேர்ப்பந்து மட்டும் போடுங்க, மியாகே சான். நடுவுல வந்தாப் போதும். மிச்சத்தைக் குசுமி பாத்துப்பான்.”

“அவனே பாத்துப்பான்னா நான் எதுக்கு?”

நோசே சிரித்தான். சிரித்தது அவன் ஒருவன்தான்.

குசுமி மட்டையோடு வந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றி, மேட்டை நோக்கி வணங்கினான்.

ஆகஸ்டில், தளங்கள் மூன்றும் நிறைந்திருந்த ஓர் ஆட்டத்தில், இதே குசுமி அடித்த அவனுடைய பந்து இடப்புறக் கூட்டத்தின் நடுவே போய் விழுந்தது; ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள். மறுநாள் எறிவாளனைக் கீழ்மட்ட இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இன்றுதான், விடைபெறுவதற்காகத் திரும்பியிருக்கிறான்.

அந்த அடியை அவன் அன்றே மன்னித்துவிட்டான். இந்த வணக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் பந்து.

குசுமி மட்டையைச் சுழற்றினான். பந்து கடந்து போன பிறகு, அழகாக.

அரங்கம் கைதட்டியது.

இரண்டாவது பந்தை அவன் தரையில் குத்தினான். மட்டையாளன் அசையாமல் விட்டுவிட்டால் அது எறிவாளனின் பிழையாகும். பிழையாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தான். பந்து மண்ணில் மோதி எகிறியது.

குசுமி அதற்கும் சுழற்றினான்.

கைதட்டல் பெரிதாயிற்று. பிழை செய்யவும் விடமாட்டார்கள்.

இன்னும் ஒரு வீச்சு. அவன் பந்தைக் கைக்குள் திருப்பினான், தையலைத் தேடினான், மறுபடியும் திருப்பினான். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரை வீழ்த்தியிருப்பான்! அவர்களில் ஒருவர்மீதும் அவனுக்கு இதுவரை ஐயம் எழுந்ததில்லை. கடைசிப் பந்து பொய்யாகிவிட்டால், முந்தியவற்றுக்கு யார் சாட்சி?

நோசே கையுறையை நடுவில் வைத்துக் காட்டினான்.

அவன் எறிந்தான். முழங்கை கத்தியது. கத்தட்டும் என்று தோள் முழுவதையும் கொடுத்து எறிந்தான். பந்து நடுவில் போகவில்லை. குசுமியின் முழங்காலை ஒட்டி உள்ளே வெட்டியது.

மட்டை முழங்கிற்று.

பந்து மூன்றாம் தளத்தின் பக்கம் சீறிப் பாய்ந்து, கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. வெளியே விழுந்த பந்து செல்லாது. மீண்டும் எறிய வேண்டும்.

அரங்கம் அடங்கிப்போயிற்று. அவனுடைய மனைவி பூங்கொத்தை ஏந்தி ஆட்டக்காரர்களின் இருக்கை ஓரத்தில் நின்றிருந்தாள். அவளருகே கைதட்டுவதற்காகக் கைகளை உயர்த்தியவர்கள் அப்படியே நின்றார்கள்.

குசுமியின் முகம் வெளிறியது. கவசத்தைக் கழற்றி, இடுப்பு வளைய வணங்கினான்.

“மன்னிச்சிடுங்க! கை தானாப் போயிடுச்சு!”

“ஆகஸ்ட்ல அடிச்சப்ப மன்னிப்புக் கேட்டியாடா?”

முதல் தளத்தைக் காத்து நின்றவன் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டான். நடுவர் தரையைப் பார்த்தார்.

குசுமி சிரிக்கவில்லை. திரும்பித் தன் அணியினரைப் பார்த்தான். அங்கிருந்து பயிற்சியாளர் கையைத் தாழ்த்தி அசைத்தார்: பந்தை விட்டுவிடு.

குசுமி தலையாட்டினான். மீண்டும் வந்து நின்றான். பின்காலால் மண்ணைக் கிளறி, பாதம் பதிய ஒரு குழி செய்துகொண்டான்.

பிறகு அவனுடைய இரண்டு கைகளும் மட்டையின் பிடியில் இரண்டு விரற்கடை மேலேறின.

தவறவிடப் போகிறவனுக்கு அந்தப் பிடி தேவையில்லை.

மேட்டில் நின்றவனின் உள்ளங்கை வியர்த்தது. கால்சட்டையில் துடைத்தான். உடனே மறுபடியும் வியர்த்தது.

நோசே ஒற்றை விரலைக் காட்டினான். நேர்ப்பந்து. நடுவில்.

அவன் தலையசைத்து மறுத்தான்.