குரலுக்கு ஓய்வு

சன்னல் வழியாகச் சாயும் காலை வெயிலில், அண்ணனின் தொண்டை கணினித் திரையில் சிவந்து வீங்கித் தெரிகிறது. ஒரு காலத்தில் அரங்குகளையே ஆடவைத்த பாப் பாடகியான தங்கை, இப்போது குரல் சிகிச்சை நிபுணராக, வெள்ளைக் கோட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நிகழ்ச்சிகளை நடத்தியவன் இதே அண்ணன்தான். தொண்டையில் ரத்தம் கசிந்த நாளிலும் அவளை மேடையேற்றினான். குரல் உடைந்த வாரமே அவளைக் கைகழுவிவிட்டு வேறொரு பாடகியைப் பிடித்துக்கொண்டான். பத்து வருடமாக ஒரு போன்கூட இல்லை.

"சரியாயிடுமாம்மா?" நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறவனின் குரல் வெறும் காற்றாக வருகிறது. "ஆயிடும்ணா. ஆனா பேசவே கூடாது." "எத்தன நாளு?" ஒரு வாரம் போதும் என்று அவளுக்குத் தெரியும். பேனா மூடியை நிதானமாகத் திருகித் திறக்கிறாள். "மூணு மாசம். முணுமுணுக்கக்கூடக் கூடாது." "அப்பாடா, வீடு நிம்மதியா இருக்கும்," என்று பக்கத்தில் நிற்கும் அண்ணி சிரிக்கிறாள். அண்ணன் பதறி வாயைத் திறக்கிறான். தங்கை தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். வாய் மூடிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தானோ என்னவோ, அதைக் கேட்க அவளுக்கு அவசரமில்லை.