எடைக்கு முந்தின நாள் படம்

இயர்போன் இல்லாத காதில் சிப்ஸ் கடிபடும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜெஸ்லின்தான். மடியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம், கண் செல்போனில்.

நாளைக் காலை எடை பார்ப்பார்கள். நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் ஒரு துளி கூடினாலும் ரிங்கில் ஏற விடமாட்டார்கள். எதிராளி கையைத் தூக்காமலே ஜெயித்துவிடுவாள்.

ஜெஸ்லினுக்கு எதிராளி அவள்தான்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் குத்துச்சண்டைப் படம் பார்ப்பது இருவருக்கும் வழக்கம். விளையாட்டு விடுதியில் ஒரே அறை, ஒரே செல்போன், ஆளுக்கொரு காது. இந்த முறை வெளியூர்ப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் தங்க வைத்திருந்தார்கள். பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதி வரைந்து விட்டுப்போன தவளையின் இதயம்.

எது நல்ல படம் என்பதற்கு இருவரிடமும் சட்டதிட்டங்கள் உண்டு.

சண்டைக்கு நடுவில் பாட்டு வந்தால் அது படமே இல்லை. அடி வாங்கியவன் பறந்துபோய் விழுந்தால் ஓட்டிவிட வேண்டியதுதான். நிஜமாக வாங்கினால் யாரும் பறக்க மாட்டார்கள், இருந்த இடத்திலேயே மடிவார்கள். அவளுக்குப் பயிற்சிக் காட்சிகள் பிடிக்கும். ஜெஸ்லினுக்கு, இரண்டு சுற்றுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற அந்த ஒரு நிமிடம். அங்கே பொய் மூச்சு விட்டால் நடிகன் தொலைந்தான்.

படம் ஓடும்போது இருவரும் சூயிங்கம் மென்று டம்ளரில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். எச்சிலாகப் போகிற எடையும் எடைதானே. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்று ஜெஸ்லினின் டம்ளர் காய்ந்து கிடந்தது.

மதியம் கோச் எடை மிஷினில் ஏற்றிப் பார்த்தார். இருவருமே கொஞ்சம் கூடத்தான் இருந்தார்கள். காலைக்குள் இறங்கிவிடும் என்றார். அப்படியிருக்க இந்தச் சிப்ஸ் எதற்கு?

வாசனை காட்டத்தான். அவள் வாயை ஊற வைத்து, அவளையும் தின்ன வைக்கத்தான்.

ஊறவும் செய்தது. அதில் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆனால் பொட்டலம் இந்தப் பக்கம் நீளவே இல்லை. நீட்டியிருந்தாலாவது கணக்குப் புரிந்திருக்கும்.

இதுவரை மோதிய எல்லா முறையும் ஜெஸ்லின்தான் ஜெயித்திருக்கிறாள். ஜெயிக்கப்போகிறவளுக்குத் தில்லுமுல்லு எதற்கு?

பயந்துவிட்டாளோ.

போன வாரம் பயிற்சியில் அவளுடைய இடது கைக் குத்து ஒன்று சரியாக விழுந்தது. ஜெஸ்லினின் உதடு வீங்கிப்போனது. அதை நினைத்ததும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பயப்படட்டுமே.

பிறகு வேறொரு சந்தேகம். தின்றுவிட்டுக் குழாயடிக்குப் போய்த் தொண்டையில் விரலை விடுவாள். சிலர் அப்படிச் செய்வதுண்டு.

ஜெஸ்லின் எழுந்திருக்கவில்லை. பொட்டலம் பாதிக்கு வந்திருந்தது. குளச்சலிலிருந்து ஜெஸ்லினின் அம்மா கொடுத்தனுப்பியது. ஜெயித்த பிறகு பிரிப்போம் என்று இரண்டு நாளாகப் பையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இனிமேல் விடுதியில் ஒரு எடைக்கு ஒருத்திதான். நாளை ஜெயிக்கிறவள் தங்குவாள். மற்றவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜெஸ்லின் பெட்டியைக் கட்டினால் ஏதாவது கல்லூரியில் சேர்ப்பார்கள். அவள் கட்டினால் மில்தான். விடியுமுன்னே நூல் மில் வேன் தெருமுனைக்கு வந்து நிற்கும். அக்கா அதில்தான் போகிறாள். பக்கத்து சீட்டை உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறாளாம் என்று அம்மா போனில் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு வராது.

பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஜெஸ்லின் அந்த வேனைப் பார்த்திருக்கிறாள். இருட்டோடு எழுந்து வந்து, அக்கா ஏறிப் போகிற வரை வாசலிலேயே நின்றாள். அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை.

படத்தில் கடைசிச் சுற்று முடிந்தது. நாயகனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தோற்றவன் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியேறினான். கேமரா அவனை அதோடு விட்டுவிட்டது.

"ஏட்டி, தோத்தவன் வீட்டுக்குப் போறத ஒரு படத்துலயும் காட்ட மாட்டானுவ, பாத்தியா" என்றாள் ஜெஸ்லின்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு சிப்ஸை வாயில் போட்டாள்.

அவளுக்குத் திக்கென்றது.

சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தினாள்.

பொட்டலத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசலாம். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தலாம். கோச்சைக் கூப்பிடலாம். இன்னும் வெளிச்சம் இருந்தது. இருவரும் ஜெர்கினை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க மைதானத்தைச் சுற்றினால் தின்றது இறங்கிவிடும். அப்படி எத்தனையோ முறை ஓடியிருக்கிறார்கள், ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் இழுத்துக்கொண்டு.

நாளை நேருக்கு நேர் நிற்கலாம்.

நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜெஸ்லினுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கவாட்டில் கையை நீட்டினாள்.

எடை பார்த்து முடிந்ததும் தான் குடிப்பதற்கென்று அவள் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அவள் தலைமாட்டில் இருந்தது. ஒரு லிட்டர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அது இருவருக்கும் தெரியும்.

அவள் மூடியைத் திருகித் திறந்தாள். பாட்டிலை ஜெஸ்லினின் கையில் வைத்தாள்.

இருமல் நின்றது. அதற்குப் பிறகும் ஜெஸ்லின் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை.