உள்சுற்று

அவள் கூடுகளை வெயிலில் காய வைக்கத்தான் எடுத்தாள்.

கச்சேரி முடிந்து அவன் ஊர் திரும்பினால் முதல் வேலை அதுதான். தவில்காரன் வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்கிற கூடு. துணிக் கீற்றை மைதாப் பசையில் தோய்த்து, விரல்மேல் சுற்றிச் சுற்றிக் காயவிட்டால் கல்லாக இறுகிவிடும். அது இல்லாமல் தவிலின் தோலில் அடித்தால் விரல் வெடித்து ரத்தம் கொட்டும். வியர்வை ஊறிய கூட்டை உடனே காய வைக்காவிட்டால் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

கல்யாணமான நாளிலிருந்து சிங்காரத்தின் விரல்களுக்குக் கூடு கட்டுகிறவள் தையல்நாயகிதான்.

இவை அவள் கட்டியவை அல்ல.

அவன் குளித்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"கூடு புதுசா இருக்கே?"

"பழசு விரிசல் விட்ருச்சு. திருவிழாக் கடையில ரெடிமேடா வித்தான். வாங்கிட்டேன்."

வாய் கூசாமல் சொன்னான்.

கடையிலாம், கடை! அவனுடைய மோதிர விரல் சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடியது. அந்தக் கோணலுக்கு அளவெடுத்துக் கூடு விற்கிறவன் எந்த ஊரில் கடை போட்டிருக்கிறான்? இந்தக் கூட்டில் அந்தக் கோணல் அப்படியே இருந்தது. பசை இறுகும்வரை யாரோ அந்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்காலோடு முழங்கால் இடிக்க. அவளைப் போலவே.



அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடுகளை அள்ளி அதில் போட்டாள். வெந்து சாகட்டும்.

ஊறியதும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மேல்சுற்று வெள்ளை வேட்டித் துணி. நடுச்சுற்றும் அதுவே. உள்சுற்றுக்கு மட்டும் வேறு துணி வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே நைந்து மெத்தென்று ஆன துணி. தோலோடு கிடப்பது அதுதான். முரட்டுத் துணி வைத்தால் விரல் உரிந்துவிடும். அவள் எப்போதும் தன் பழைய நூல்சேலையின் முந்தானையைக் கிழிப்பாள்.

இதைக் கட்டினவளுக்கும் விவரம் தெரிந்திருக்கிறது. எந்தச் சேலையைக் கிழித்தாளோ, பார்த்துவிடலாம் என்று கடைசிச் சுற்றை உரித்தாள்.

சேலை இல்லை.

மஞ்சள் துணி. அதில் அரை வாத்து. அடுத்த கூட்டில் மிச்ச வாத்து.

கீற்றுகளைத் தரையில் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்தாள். ஒரு கைக்குழந்தைச் சட்டையின் முதுகு வந்தது. அவள் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள். கை சரியாக அதை மூடியது.

அவளும் ஒரு காலத்தில் ஒரு சட்டை வாங்கி பீரோவில் வைத்திருந்தாள். பெண் பிறந்தால் குழலி என்று பேர்கூட வைத்தாயிற்று. தவில்காரன் வீட்டில் குழல் இல்லாவிட்டால் எப்படி என்று சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கோயில், குளம், டாக்டர், ஸ்கேன். பிறகு அந்தப் பேச்சையே இரண்டு பேரும் எடுப்பதில்லை. சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

குளியலறைக் கதவு திறந்ததும் மஞ்சள் கீற்றுகளை முந்தானைக்குள் அள்ளிக்கொண்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பாத்திரத்தில் மிதந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான்.

"அடிப் பாவி! சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எதைப் போட்டுக்கிட்டு அடிப்பேன்?"

"உக்காருங்க. கட்டித் தரேன்."

பசை கிண்டி எடுத்து வந்தாள். அவன் கையை நீட்டினான். மோதிர விரலை முதலில் பிடித்தாள்.

மஞ்சள் கீற்றை எடுத்துச் சுற்றினாள்.

அவன் கையை வெடுக்கென்று இழுத்தான். அவள் விடவில்லை.

"அசையாதீங்க. கூடு கோணிக்கும்."

வாத்தின் தலை ஒரு சுற்றில் மறைந்தது. அதன்மேல் வெள்ளை சுற்றினாள். அடுத்த விரல். மஞ்சள். வெள்ளை. அடுப்பங்கரைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆள்காட்டி விரலைக் கடைசிக்கு வைத்தாள். அடியின் பாரமெல்லாம் அதில்தான் விழும். மற்ற விரல்கள் இறுகிய பிறகு நிதானமாகக் கட்டுவாள். அதற்குள் சோறு ஊட்டிவிடுவாள். பசைக் கையோடு அவன் எப்படிச் சாப்பிடுவான்?

இன்றும் தயிர்ச்சோறு பிசைந்து எடுத்து வந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் வாயைத் திறந்தான். ஒரு கவளம் வைத்தாள்.

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் அடுத்த கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எந்தப் பேராக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அவனோடு சண்டை போடலாம். அழலாம். ஒரு நாள் அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வரலாம்.

அவன் விழுங்கினான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

"குழலி."

அவள் கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். பசைக் கிண்ணத்தை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஏ தையலு... இன்னும் ஒரு விரல் பாக்கிடி."

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

மிச்சமிருந்த ஒரே மஞ்சள் கீற்றைப் பிழிந்து, உதறி, கொல்லைக் கொடியில் காயப் போட்டாள்.