தினமும் ஒரு தப்பு

"இவாஞ்சலின், எந்திரிங்க. 'ஆட்டைக் காணோம், தேடுறேன்.' இங்கிலீஷ்ல சொல்லுங்க."

எபனேசர் சார் இன்றைக்கும் அவளைத்தான் முதலில் எழுப்பினார்.

"ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் மை கோட், சார்."

உத்தமபாளையம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

"காணாமப் போன ஆட்டை எங்கன வச்சுப் பாத்துக்கிறீங்க?" என்றார் சார். "லுக் ஃபார்னா தேடுறது. லுக் ஆஃப்டர்னா கவனிச்சுக்கிறது. லுக் டவுன் ஆன்னா கேவலமா நினைக்கிறது. நேத்தே சொன்னேன்ல?"

இவாஞ்சலின் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தாள். போடியிலிருந்து வருகிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தினமும் தப்பாகச் சொல்வாள், திட்டு வாங்குவாள், மறுநாளும் வந்துவிடுவாள்.

பக்கத்தில் இருந்த நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரியான விடை அவளுக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வாயே திறந்ததில்லை. போன மாதம் குமுளி ஓட்டல் இன்டர்வியூவிலும் அப்படித்தான். எல்லாம் தெரிந்தும் நாக்கு ஒட்டிக்கொண்டு ஊமையாகத் திரும்பினாள். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இதையும் கோட்டைவிட்டால் மாப்பிள்ளை பார்க்க அப்பா தயாராக இருக்கிறார்.

"ஏலே, நாளைக்கு அந்தக்கா ஆட்டையே பிடிச்சிட்டு வந்துரும் பாரு!" பின்பெஞ்சிலிருந்து வினோத்ராஜ்.

மறுபடியும் சிரிப்பு. சாரும் சிரித்தார்.

நாகஜோதி எழுந்தே விட்டாள்.

"ஸ்டாப் லாஃபிங்! ஷீ இஸ் ஒன்லி லுக்கிங் ஃபார் எ வேர்ட்! யூ பீப்பிள் ஆர் லுக்கிங் டவுன் ஆன் ஹெர்! யூ ஆல்சோ, சார்!"

சார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க நாகஜோதி..."

"உக்கார மாட்டேன் சார்! படிக்க வந்தவுகளை எழுப்பி நிப்பாட்டிச் சிரிக்கிறதுக்குப் பேரு பாடமா? தெரிஞ்சா நாங்க ஏன் இங்கன வாரோம்? வாங்கக்கா, நான் சொல்லித் தாரேன் உங்களுக்கு!"

இவாஞ்சலினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

பாதிப் படியில் இவாஞ்சலின் நின்றாள். "ஏத்தா, அம்புட்டு இங்கிலீஷையும் இத்தனை நாளா எங்கன ஒளிச்சு வச்சிருந்த?"

அப்போதுதான் நாகஜோதிக்கே உறைத்தது. நாக்கு ஒட்டவே இல்லை.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் எபனேசர் சார். நாகஜோதி அடுத்த சண்டைக்கு வரிந்துகட்டினாள்.

இவாஞ்சலின் முந்திக்கொண்டு, சாரின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"ஏங்க, பாத்தீகளா? கடைசியா இந்தப் பிள்ளையும் வாயைத் திறந்துட்டா. ஒருத்தர் கூசாமத் தப்பாச் சொன்னாத்தானே மத்தவுகளுக்குப் பயம் போகும்? இங்கன நான் சிரிப்பு வாங்கியாச்சு. திங்கக்கிழமை கோம்பையில ஆரம்பிக்கிற வகுப்புல பாடம் நான் எடுக்கேன், பெஞ்சுல உக்காந்து தப்பாச் சொல்றது உங்க முறை!"