குளத்துக்கு ஆமை வைத்த அளவு

ஒரு குளம். எருமை தினமும் மத்தியானம் அதில் இறங்கிப் புரளும், தண்ணீர் சேறாகும், கெண்டையின் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும். நேற்று இரண்டு குஞ்சுகள் செத்தே போயின. கெண்டை அழுதுகொண்டு ஆமையிடம் போனது. அந்தக் குளத்துக்கு நியாயம் சொல்வது ஆமைதான்.

ஆமை எருமையைக் கூப்பிட்டு, ஒரு முழ ஆழத்தில் வெள்ளைக் கல் ஒன்றைப் போட்டது.

"இந்தக் கல்லு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் நீ குளிக்கலாம். மறைஞ்சா கரையேறிடணும்."

"உங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா அண்ணே?" என்றது எருமை. "ஒண்ணே ஒண்ணு. மத்தியான வெயில் உங்களுக்குக் கண்ணு கூசும். கல்லு தெரியுதான்னு விடியக்காலையில வந்து பாருங்க."

"அதுவும் சரிதான்," என்றது ஆமை.

"அந்நேரம் நீங்க எங்கே இருப்பீங்க எருமையண்ணே?" என்று கேட்டது கெண்டை.

"மேயப் போயிருப்பேன்."

"அப்போ சரி. என் பிள்ளைங்களை விடியக்காலையில மட்டும் மூச்சு விடச் சொல்லிடுறேன்."

கிளம்பக் காலெடுத்த ஆமை, அப்படியே நின்றது. தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்தது.

"தம்பி, இப்பவே இறங்கிக் குளி. நான் இங்கேயே நின்னு பார்க்கிறேன்."

எருமைக்குத் திடீரென்று தும்மல் வந்தது.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணே, எனக்குச் சளி பிடிச்சிருக்கு."